நான் தேர்ந்த சைக்கிளும் காக்கா கொண்டுவரும் மீனும்

எங்கள் ஊரில் ஒரு பெண் தனக்குப் பிடித்த மீனைத் தின்ன வேண்டுமென்றால் அவளுடைய புருஷன் உயிரோடு இருக்க வேண்டும். கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியில் உப்பு ஒட்டும். ஆனாலும் தோணிகள் அடையும் கரை கொஞ்சம் தள்ளி இருக்கிறது, மீன் வாங்குவதும் ஆண்கள் வேலை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து அப்படியே கரைக்குப் போய், மீனோடுதான் வீடு திரும்புவார்கள். என்ன மீன் என்பது பையைத் திறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

எனக்குச் சூரை மீன் ஒத்துக்கொள்ளாது. தின்ற கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் சிவந்து, அரித்துக் கடிக்கத் தொடங்கிவிடும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அதைக் கண்ட என் கணவர் அதன் பிறகு சூரையை வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. விளைமீன் வாங்குவார். அது இல்லையென்றால் ஒட்டி. அதுவும் இல்லையென்றால் வெறுங்கையோடு வந்து, "இண்டைக்கு முட்டையப் பொரி" என்பார். அவர் ஒருநாள் மத்தியான லுஹருக்குப் பிறகு நெஞ்சு நோகிறது என்று படுத்தவர், எழும்பவில்லை.

நான் இத்தாவில் இருந்தேன். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு, நகை கிடையாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. எங்கள் பக்கத்தில் இதைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடிப்பார்கள். முன்கதவுக்கு உள்ளே ஒரு திரைச் சீலை தொங்கியது. என் ஒரே மகள் கட்டாரில் இருக்கிறாள். வந்து சில வாரம் நின்றுவிட்டு, அழுதுகொண்டே திரும்பிப் போனாள். அவருடைய பழைய பெரிய சைக்கிளைப் பள்ளிவாசல் மோதினாருக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு மீன் கொண்டுவந்தது என் காக்கா. உம்மா வாப்பா போன பிறகு எனக்கென்று இருக்கும் ஒரே உடன்பிறப்பு, என் அண்ணன். மாவடிப்பள்ளியில் வயல் செய்கிறவர், அறுபதைத் தாண்டியவர். மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்கால் பழுதானதிலிருந்து அதைத் தொடுவதில்லை. தண்டு வைத்த ஆண்கள் சைக்கிளிலும் காலைத் தூக்கிப் போட முடியாது. ஆகவே நடந்து கரைக்குப் போய், நடந்து எனக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நடந்து தன் வீட்டுக்குப் போவார். அவருக்குச் சூரை என்றால் உயிர். தினமும் சூரை.

கொண்டுவந்து தருகிற மனுஷனிடம் இது வேண்டாம் அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்களே. ஒரு நாள் மட்டும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"நாளைக்கு மீன் வேணாம் காக்கா."

"ஏன் புள்ள? தின்னாமக் கெடக்கப் போறியா? நான் இரிக்கன்தானே."

இந்த 'நான் இரிக்கன்தானே'க்கு மேலே யார் என்ன பேச முடியும்? மறுநாள் இன்னும் பெரிய சூரையாக வந்தது. நான் முட்டையைப் பொரித்துத் தின்றேன். பக்கத்து வீட்டுப் பூனை கொழுத்துப் போனது.

சைக்கிள் வாங்கும் யோசனையை என் தலைக்குள் போட்டவள் என் சினேகிதி. காரைதீவுக்காரி, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள், யுத்தப் பிரச்சினை நாட்களில் நாட்டைவிட்டுப் போனவள் இப்போது ஒல்லாந்தில் இருக்கிறாள். டச்சுக்காரர் என்கிற அந்த ஒல்லாந்தர் எங்கள் கரையை ஆண்டுவிட்டுப் போகும்போது அலுவலகத்துக்குக் கந்தோர் என்ற சொல்லையும் கக்கூசு என்ற சொல்லையும் விட்டுப் போனார்கள். சைக்கிள் அப்போது பிறந்திருக்கவில்லை, இருந்திருந்தால் அதையும் விட்டிருப்பார்களோ என்னவோ. இத்தா நாட்களில் அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொலைபேசியில் வருவாள். மீன் கதையைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள்.

"ஒனக்குக் கால் இல்லையாகா? ஒரு சைக்கிள எடு. இஞ்ச என்ட வயசுல உள்ளவளுகள் எல்லாம் அதுலதான் கடைக்குப் போறாளுகள். மழைக்குள்ளயும் போறாளுகள்."

ஒரு வீடியோ அனுப்பினாள். நீளக் கோட்டுப் போட்டு, முன்கூடையில் கீரையும் பாணும் வைத்து, கதிரையில் இருப்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் வாய்க்கால் ஓரமாகப் போகிறாள். வேகமே இல்லை. எதையும் துரத்தவும் இல்லை, எதுவும் அவளைத் துரத்தவும் இல்லை. அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

நானும் சைக்கிள் ஓடியவள்தான். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனோம். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டோம். யாரும் தடை போட்டதாக ஞாபகம் இல்லை. போக ஓர் இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். இப்போதைய பெண்கள் ஸ்கூட்டியில் பறக்கிறார்கள், மகளும் அதைத்தான் எடுக்கச் சொன்னாள். எனக்குப் பயம். போதாததற்கு, தட்டுப்பாட்டுக் காலத்தில், அப்போது வைத்திருந்த மோட்டார் சைக்கிளுக்காகப் பெற்றோல் வரிசையில் என் கணவர் வெயிலில் நின்றுவிட்டு முகம் கறுத்து வந்த நாட்கள் கண்ணுக்குள் நிற்கின்றன. அந்த வரிசையில் எனக்காக நிற்க இனி யார் இருக்கிறார்கள்?

எப்படிப்பட்ட சைக்கிள் என்பதைச் சினேகிதி எனக்குப் பாடம் எடுத்தாள். ஹேண்டில் நம்மை நோக்கி வளைந்து வர வேண்டும், நாம் அதை நோக்கிக் குனியக்கூடாது. நடுவில் தண்டு தாழ்ந்திருக்க வேண்டும், அபாயாவோடு ஒரு காலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தால் போதும். செயின் முழுக்க மூடியிருக்க வேண்டும். பின்சக்கரச் சில்லின் இரண்டு பக்கமும் துணி மாட்டாமல் மறைப்பு. பூட்டு சில்லிலேயே இருக்க வேண்டும், திறப்புச் சாவி தொலையாது. இரட்டைக்கால் ஸ்டாண்ட் வேண்டும், கூடையில் தேங்காய் இருந்தாலும் சரியாது. "ஓடுறதுக்கு எண்டு சைக்கிள் எடுக்காத. நிப்பாட்டுறதுக்கும் எறங்குறதுக்கும் எண்டு எடு" என்றாள். அந்த வகைச் சைக்கிள் எங்கள் பக்கத்துக்கு ஒல்லாந்திலிருந்து வராது, ஆனால் அதே உருவத்தில் ஜப்பானிலிருந்து பாவித்ததாக வரும். அக்கரைப்பற்றில் அவற்றை வரிசையாக நிறுத்தி விற்கிறார்கள்.

காக்காவிடம் கேட்டேன். "எதுக்கு? நான் இரிக்கன்தானே" என்றார். நான் அழுதேன். இத்தாவில் இருப்பவள் அழுதால் எல்லாரும் பயந்துவிடுவார்கள். அடுத்த கிழமை சைக்கிள் வியாபாரி ஒரு சின்ன லொறியில் மூன்று சைக்கிளை ஏற்றிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கே வந்தார்.

நான் திரைக்குப் பின்னால், அவர் முற்றத்தில், காக்கா நடுவில். கல்யாணப் பேச்சில் தரகர் நிற்பதுபோல நின்றார்.

"செயினுக்கு முழுசா மூடி இரிக்கா எண்டு கேளுங்க காக்கா."

காக்கா வெளியே திரும்பி, "சாமான் பலமா எண்டு கேக்காள்" என்றார்.

"நல்ல பலம் ஹாஜியார். ஜப்பான் சாமான்."

"பலமாம் புள்ள."

"நான் பலம் கேக்கல்ல காக்கா. செயின் மூடி."

"அதெல்லாம் இரிக்கும்."

நான் பேசியதெல்லாம் வியாபாரிக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராத்தாக்குச் சொல்லுங்க ஹாஜியார், பச்சையில முழுசா மூடி இரிக்கி, அபாயா மாட்டாது" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் பேச்சு நன்றாகத்தான் நடந்தது. ஒவ்வொரு சொல்லையும் காக்கா நடுவில் நின்று இன்னொரு தடவை சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

காக்காவுக்குப் பிடித்தது தடித்த டயரும் கியரும் உள்ள கறுப்புச் சைக்கிள். "இதுதான் இப்ப எல்லாரும் எடுக்கிற. கியர் இரிக்கி, ஏத்தத்துல லேசா ஏறும்."

"எங்கட ஊர்ல ஏத்தம் எங்க காக்கா இரிக்கி?"

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நிலம் பாய் விரித்ததுபோலக் கிடக்கிறது. பாலத்தை விட்டால் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. காக்காவின் மனைவி, என் மச்சி, போய் அந்தப் பச்சைச் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். விறாந்தைக்குள் வைத்து நான் அதில் ஏறி இருந்தேன். இரண்டு பாதமும் நிலத்தில் முழுசாகப் பட்டன. முதுகு தானாக நிமிர்ந்தது. மணியை அடித்துப் பார்த்தேன். என் கணவர் போன பிறகு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன், உடனே வெள்ளை உடுப்பைப் பார்த்து வெட்கப்பட்டேன். என் காசில் அதை எடுத்தோம்.

இவ்வளவு லேசாக ஒரு காரியம் முடிந்ததே, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சைக்கிள் முற்றத்தில் நின்றது. இத்தா முடிய இன்னும் நாட்கள் இருந்தன. ஒருநாள் காலையில் காக்கா மீன் கொண்டுவந்தவர், மறுநாள் கரைக்குப் போக என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். "சும்மாதானே நிக்கிது. நிண்டா டயர் இத்துப் போகும்." அன்று அவர் ஏறியதை நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இடுப்புச் சாரனைச் சற்று ஒதுக்கினார். பழுதான காலைத் தூக்கவே தேவையிருக்கவில்லை, தண்டுதான் தாழ்ந்து கிடக்கிறதே. செயின் மூடியிருந்தபடியால் சாரன் மாட்டவும் இல்லை. அபாயாவுக்கு என்று நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தது முழுக்கச் சாரனுக்கும் பொருந்தியது. வேலிப் படலையைத் தாண்டும்போது மனுஷன் மணியை ஒரு தடவை தேவையில்லாமல் அடித்தார். முழங்கால் போனதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை.

அதன் பிறகு அது ஓயவில்லை. மச்சி அரிசி இடிக்க மில்லுக்குக் கொண்டுபோனாள், கூடை நல்ல வசதி என்றாள். பக்கத்து வீட்டுக்காரி எரிவாயுச் சிலிண்டரைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் சொந்தக்காரருக்குள்ளும் அயலவருக்குள்ளும் சாமான் கேட்டு எடுக்கிற வழக்கமும் இல்லை, மறுக்கிற வழக்கமும் இல்லை. கேட்டால் அந்நியம், மறுத்தால் பகை. நான் உள்ளே இருந்து ஸ்டாண்ட் இறங்குகிற சத்தத்தையும் ஏறுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எல்லாரும் என் தேர்வைப் புகழ்ந்தார்கள். சினேகிதி எனக்குக் கற்றுத்தந்தது அவ்வளவு நல்ல பாடம்.

இத்தா முடிந்தது. குளித்தேன், தொழுதேன், நிற உடுப்புப் போட்டேன், வந்தவர்களோடு அழுதேன். ஒரு வாரம் கழித்து, சைக்கிள் தவறி வீட்டில் தங்கிய ஒரு காலையில், காக்கா வருவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். முதல் பத்து முழம் ஆடியது. பிறகு உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. கடற்கரை வீதியில் வெயில் இன்னும் ஏறவில்லை. முதுகை நிமிர்த்தி, மெதுவாக, சினேகிதி போவதுபோலப் போனேன். காற்று முகத்தில் பட்டபோது எனக்குக் கண்ணீர் வந்தது. நான் அதைத் துடைக்கவில்லை, இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தன.

கரையில் தோணிகளைச் சுற்றி ஆண்கள். நான் சைக்கிளை நிறுத்தி இறங்கியதும் ஏலச் சத்தம் தாழ்ந்து, எனக்கு வழி விட்டார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியாததாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்த நேரம் ஒரு மீன்காரர் என்னைப் பார்த்து எழும்பினார். அவரை நான் அறியேன், அவர் என்னை அறிந்திருந்தார்.

"உங்கட ஊட்டு மீன் இரிக்கி" என்று சாக்குக்குக் கீழிருந்து இரண்டு விளைமீனை எடுத்தார். "அவர் மௌத்தான பொறகும் கை பழக்கத்துல எடுத்து வெச்சிருவன். மறுகா ஞாவகம் வந்து ஆருக்காச்சும் குடுத்திருவன்."

நான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். நான் முட்டை பொரித்துத் தின்ற அத்தனை நாளும் என் மீன் இங்கே சாக்குக்குக் கீழே இருந்திருக்கிறது. அவர் இல்லாதது அந்த இடத்தில் எனக்கு உறைத்ததுபோல வேறெங்கும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது காக்கா படலையில் நின்றார். சைக்கிளைக் காணாமல் கரைக்கு நடக்க வெளிக்கிட்டவரைச் செய்தி பாதி வழியில் பிடித்திருக்கிறது.

"ஊரே பாத்திரிக்கி. 'ஒங்கட தங்கச்சி கரையில நிக்கிறா'ண்டு என்னைய நிப்பாட்டிச் சொல்றானுகள்." படலையைப் பிடித்துக்கொண்டார். "நான் மௌத்தாப் போயிட்டனா புள்ள?"

ஏசியிருந்தால் நான் எதிர்த்து ஏசியிருப்பேன், எனக்கும் வாய் இருக்கிறது. அவர் அழுதார். வாப்பாவை அடக்கிவிட்டு வந்த அன்றைக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. "இல்ல காக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் கூடையிலிருந்த பையைத் திறந்து பார்த்தார்.

"ஒனக்கு வெளமீனா புடிக்கும்?"

"சூர தின்னா மேல் கடிக்கும் காக்கா."

"அப்ப நான் கொண்டந்ததெல்லாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் முந்திவிட்டது. "பூனைக்குப் போட்டன்."

காக்கா பையை மூடி மறுபடி கூடைக்குள் வைத்தார். நடந்து நடந்து வீங்கிய முழங்காலை அவருடைய கை தானாகத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

"இனி ஒனக்கு வெளமீன்தான்" என்றார் கடைசியில். "வெள்ளனப் போகணும், இல்லாட்டி முடிஞ்சிரும். நடந்து போனா ஏலா. சைக்கிள நான் ஊட்ட கொண்டு போறன், என்ன?"

"ஓம் காக்கா."

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சைக்கிள் இரவில் அவர் வீட்டில் நிற்கிறது. பகலில் அவரோடு வயலுக்குப் போகிறது. சொன்ன சொல்லை அவர் ஒரு நாளும் தவறவில்லை. மழை நாளில்கூடத் தலையில் சொப்பிங் பையை மாட்டிக்கொண்டு விளைமீனோடு வந்து நிற்பார். முழங்கால் வீக்கமும் வற்றிவிட்டது, மச்சி எனக்காக துஆச் செய்கிறாள். சைக்கிளைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அவர் மறுபேச்சில்லாமல் தந்துவிட்டு, மறுநாள் எனக்கு மீன் வாங்க நடந்துதான் போவார். எனக்குத் தெரியும். அந்தச் சில்லுப் பூட்டின் இரண்டாவது திறப்பு என் அலுமாரிக்குள் கிடக்கிறது.

சினேகிதி இன்னும் கேட்கிறாள், சைக்கிள் எப்படி ஓடுது என்று. நல்லா ஓடுது என்கிறேன். அது பொய்யில்லை. கூடையில் என்ன போட்டு வருகிறாய் என்றாள் ஒரு தடவை. மீன் என்றேன். அவளுக்குச் சரியான சந்தோஷம்.

இன்று காலையும் படலையில் என் சைக்கிளின் மணி கேட்டது. நான் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். காக்கா லேசாக இறங்கி, இரட்டைக்கால் ஸ்டாண்டைப் போட்டு, கூடையிலிருந்து மீனை எடுத்துச் சட்டிக்குள் போட்டார். கண் பளபளக்கிற நல்ல விளைமீன்.

"ஒனக்கு வேற என்ன வேணும், சொல்லு புள்ள" என்றார், ஒரு கையைச் சீட்டில் வைத்துக்கொண்டு.

"ஒண்டும் வேணாம் காக்கா" என்றேன்.